பச்சைப் புள்ளி உண்மையில் எதைச் சொல்கிறது?

2024 ஜூன் மாதம் வந்த செய்தி இது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. வேலை நடப்பதுபோலத் தோன்றும்படி கீபோர்டு இயக்கத்தைப் போலியாக உண்டாக்கினார்கள் என்பது அவர்கள்மீதான குற்றச்சாட்டு. நிதித்துறையைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பிடம் தாக்கலான ஆவணங்களிலிருந்து இது வெளியே தெரிந்தது.

அவர்கள் செய்தது சரியா தவறா என்பது தனி விவாதம். அதற்கு முன்பே தெளிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒருவர் இருக்கிறார், வேலை செய்கிறார் என்று ஒரு மென்பொருள் எதை வைத்து முடிவுக்கு வருகிறது? அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஸ்லாக், டீம்ஸ், கூகுள் சாட், வாட்ஸ்ஆப் என்று எதைத் திறந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ ஒரு வரியோ இருக்கிறது. பச்சை என்றால் ஆள் இருக்கிறார், மஞ்சள் என்றால் எழுந்து போய்விட்டார், சிவப்பு என்றால் தொந்தரவு செய்யக்கூடாது. நாம் இப்படித்தான் படிக்கிறோம். ஆனால் அந்தப் புள்ளிக்கு ஆளைத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒரு கருவி, ஒரு இணைப்பு, ஒரு கடிகாரம், இவ்வளவுதான். மீதி எல்லாம் ஊகம். அந்த ஊகம் எப்படி உருவாகிறது, எங்கே தவறுகிறது, தவறினால் என்ன ஆகும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## ஆளைப் பற்றிய கேள்வி, வேலையைப் பற்றிய கேள்வி

ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்த வசதியெல்லாம் தேவைப்படுவதில்லை. தலையைத் திருப்பினால் போதும். பக்கத்து மேசைக்காரர் ஃபோனில் பேசுகிறார், எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ படிக்கிறார், கடைசி இருக்கை காலி. யாரும் யாருக்கும் அறிவிக்காமலே எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்தவுடன் இது அப்படியே மறைந்துபோகிறது. மறைந்ததைத் திரும்பக் கொண்டுவரத்தான் மென்பொருள் முயல்கிறது.

மறைந்த தகவலில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1. இருப்பு நிலை. அவர் இணைப்பில் இருக்கிறாரா என்பது. மென்பொருள்காரர்கள் இதைப் 'பிரசன்ஸ்' என்பார்கள்.

2. பேசத் தோதான நிலை. இருக்கிறார், சரி, இப்போது குறுக்கிடலாமா? இது வேறு கேள்வி. இடத்திலேயே உட்கார்ந்திருப்பவர்தான் பல நேரம் குறுக்கிடவே கூடாதவராக இருப்பார்.

3. வேலை நிலவரம். நாம் சேர்ந்து செய்யும் ஆவணத்தில், படத்தில், நிரலில் யார் இப்போது எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், எது மாறியிருக்கிறது என்பது. இதற்கு 'அவேர்னஸ்' என்று பெயர்.

கணினி வழியாகச் சேர்ந்து வேலை செய்வதை ஒரு தனித் துறையாக ஆராய 1984-ல் ஐரீன் கிரீஃப், பால் காஷ்மன் இருவரும் வழி திறந்தார்கள். 1992-ல் பால் டூரிஷ், விக்டோரியா பெல்லாட்டி என்ற ஆய்வாளர்கள் 'அவேர்னஸ்' என்பதற்குத் தந்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. மற்றவர்கள் செய்துகொண்டிருப்பதைப் பற்றிய புரிதல் அது. நம் வேலைக்கு அது பின்புலமாக அமைகிறது என்பதே அதன் சாரம். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். நாம் பார்ப்பது நம் வேலையை நாம் சரியாகச் செய்வதற்காக. மற்றவரை எடைபோடுவது அந்த வரையறைக்குள் எங்கும் இல்லை.

## பட்டியலில் விரல் வைத்துத் தேடிய காலம்

இந்த ஆசை புதிதல்ல. ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்திலேயே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் யார் கணினிக்குள் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று கிடைக்கும். ஆனால் அது சுலபமாகப் படிக்கும்படி இருக்காது. ஆட்கள் திரையில் விரலை ஓட்டி ஓட்டித் தங்களுக்கு வேண்டியவரைத் தேடுவதை லெஸ் எர்னஸ்ட் பார்த்தார். 1971-ல் அவர் எழுதிய நிரலுக்கு 'ஃபிங்கர்' என்றே பெயர் வைத்தார்.

ஃபிங்கர் ஒருவரின் முழுப் பெயரைக் காட்டியது, அவருடைய முனையம், அதாவது பெரிய கணினியோடு இணைந்த அவருடைய திரையும் கீபோர்டும், எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்பதையும் காட்டியது. அப்புறம் பயனர்கள் கேட்டுக்கொண்டதால் 'பிளான்' என்ற சிறு கோப்பும் சேர்ந்தது. ஏன் இடத்தில் இல்லை, எப்படித் தொடர்புகொள்ளலாம் என்று அவரவரே அதில் எழுதி வைக்கலாம். ஆக, இயந்திரத்தின் ஊகமும் ஆள் தானே சொன்ன சொல்லும் தொடக்கத்திலேயே அருகருகே நின்றன. இன்றைய மென்பொருள்களில் நிறப் புள்ளி முதலாவதன் வாரிசு. 'மாலை வரை வெளியில் இருப்பேன்' என்று எழுதும் ஸ்டேட்டஸ் வரி இரண்டாவதன் வாரிசு. எனக்கு இரண்டாவதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

1973-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பில் வந்த 'டாக்கோமேட்டிக்' அரட்டை நிரலில், ஒருவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அடித்த உடனே மற்றவர் திரையில் விழுந்தது. தயங்கி அழிப்பதுகூடத் தெரியும். 1992 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் இருந்த தன் இரண்டு ஆய்வகங்களைப் 'போர்ட்ஹோல்ஸ்' என்ற அமைப்பால் இணைத்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகும் சின்னஞ்சிறு அசையாப் படங்கள் அதில் வந்தன. முகம் சரியாகத் தெரியாது. ஆனால் அறையில் ஆள் இருக்கிறார், அவரோடு இன்னொருவர் பேசுகிறார் என்பது தெரியும். அந்த அளவு தெரிந்தாலே போதும் என்பது அதில் கிடைத்த பாடம்.

1996-ல் ஐசிக்யூ என்ற அரட்டை மென்பொருள் வந்தபிறகு இது ஆய்வகங்களைத் தாண்டிப் பொதுமக்களின் கைக்கு வந்தது. நண்பர் பட்டியலில் யார் ஆன்லைன் என்று பார்ப்பது அன்றாடப் பழக்கமாயிற்று. 2000 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 2778 என்ற இணைய ஆவணம் இதற்கெல்லாம் ஒரு பொது மாதிரியை வகுத்தது. ஒரு பக்கம் தன் நிலையை அறிவிப்பவர், மறுபக்கம் அதைப் பார்ப்பவர், நடுவில் எடுத்துச் சொல்லும் சேவை. 2004-ல் தரமாக்கப்பட்ட எக்ஸ்எம்பிபி என்ற நெறிமுறை, 'சற்று வெளியே', 'நெடுநேரமாக வெளியே', 'தொந்தரவு வேண்டாம்', 'பேசத் தயார்' என்று நான்கு சாயல்களைக் கொடுத்தது. இன்றுவரை நாம் பார்க்கும் நிறங்கள் ஏறத்தாழ இவைதான்.

## புள்ளி நிறம் மாறும் வழி

ஒவ்வொரு நிறுவனமும் கொஞ்சம் மாற்றிச் செய்யும். பொதுவான ஓட்டம் இப்படி இருக்கும்.

1. இணைப்பு. ஆப்பைத் திறந்ததும் அது சர்வரோடு ஒரு நீண்ட இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. பிரவுசரில் இதற்குப் பெரும்பாலும் 2011-ல் தரமாக்கப்பட்ட வெப்சாக்கெட் என்ற இணைப்பு முறை பயன்படுகிறது. 'இந்தக் கருவி என்னோடு தொடர்பில் இருக்கிறது' என்பது சர்வருக்குத் தெரியும். ஆளைப் பற்றி இதுவரை எதுவும் தெரியாது.

2. துடிப்பு. லேப்டாப்பைப் பட்டென்று மூடினாலோ சிக்னல் அறுந்தாலோ கருவியால் 'போய் வருகிறேன்' என்று சொல்ல முடியாது. சர்வர் பக்கம் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதுபோலவே தொங்கிக்கொண்டிருக்கும். இணையத்தின் அடித்தளமான டிசிபி இதைத் தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸில் அதற்கான சோதனையை இயக்கி வைத்தாலும், இயல்பான அமைப்பில் முதல் சோதனை 7,200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகும். அதனால் ஆப்கள் தாங்களே சில பத்து நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தியைத் தட்டிவிடுகின்றன. இரண்டு மூன்று துடிப்புகள் வராவிட்டால் சர்வர் கருவியைப் போனதாக எழுதிவிடும்.

3. அசைவு. கடைசியாகக் கீபோர்டையோ மவுஸையோ தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதை இயங்குதளம் எண்ணி வைத்திருக்கிறது. ஒரு வரம்பைத் தாண்டினால் புள்ளி மஞ்சளாகும். டீம்ஸில் அந்த வரம்பு ஐந்து நிமிடம், ஸ்லாக்கின் கணினி ஆப்பில் பத்து நிமிடம் என்று அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கங்கள் சொல்லிவந்திருக்கின்றன. அப்படியென்றால் அதே ஏழு நிமிட மௌனத்தை ஒரு மென்பொருள் 'இல்லை' என்றும் இன்னொன்று 'இருக்கிறார்' என்றும் படிக்கும்.

4. காலண்டரும் அழைப்பும். மீட்டிங் பதிவாகியிருந்தாலோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தாலோ 'பிஸி' என்று மாறும்.

5. கைப்பட வைத்தது. 'தொந்தரவு வேண்டாம்' என்று நாமே வைத்தால் பொதுவாக மற்ற எல்லாவற்றையும் அது மிஞ்சும்.

6. கலவை. ஒருவருக்கு ஒரு லேப்டாப், ஒரு ஃபோன், சில நேரம் திறந்தே கிடக்கும் இன்னொரு பிரவுசர். மூன்றும் மூன்று நிலை சொல்லும். அவற்றில் எது உயிர்ப்போடு இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது வழக்கம். பையில் கிடக்கும் ஃபோன் தவறுதலாகத் தட்டுப்பட்டால்கூட நீங்கள் பச்சை.

இந்த ஆறில் ஆள் தானே சொல்வது ஐந்தாவது ஒன்றுதான். நான்காவதில் பாதி. மற்றவை கருவியின் அறிகுறிகள்.

## இரண்டு வகைத் தவறு, ஒரே கத்தரிக்கோல்

எந்த ஊகத்திலும் இரண்டு பக்கமும் தவறு வரும். இல்லாதவரை இருப்பதாகக் காட்டுவது ஒன்று, இருப்பவரை இல்லை என்று காட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் குறைக்க வழி கிடையாது.

வரம்பைக் குறைவாக வையுங்கள். நெட்வொர்க் சற்றுத் தடுமாறினாலே புள்ளி அணைந்து அணைந்து எரியும். ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தால் 'வெளியே' என்று காட்டும். வரம்பை அதிகமாக வையுங்கள். வீட்டுக்குப் போனவர் கால்மணி நேரம் பச்சையாகவே இருப்பார். வடிவமைப்பவர் செய்வதெல்லாம் எந்தத் தவறு குறைந்த தீங்கு என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே. பத்து நிமிடம், ஐந்து நிமிடம் என்ற எண்கள் அப்படி எடுத்த முடிவுகள். இயற்கை விதியல்ல.

இருப்பவரை இல்லை என்று காட்டும் தவறு ஒரு சாராரைக் கூடுதலாகத் தாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தாளில் படம் வரைந்து யோசிப்பவர், நீண்ட அறிக்கையை அச்செடுத்துப் படிப்பவர், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர், வாடிக்கையாளரோடு ஃபோனில் பேசுபவர் எல்லோரும் மஞ்சள். யோசிப்பதற்குக் கீபோர்டு தேவையில்லை. சும்மா ஸ்க்ரோல் செய்துகொண்டிருப்பவர் நாள் முழுக்கப் பச்சை.

ஃபோனில் நிலைமை இன்னும் சிக்கல். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணிக்குப் போன ஆப்பின் இணைப்பை இயங்குதளம் சீக்கிரமே நிறுத்திவிடும். சர்வரைப் பொறுத்தவரை அவர் இணைப்பில் இல்லை. ஆனால் செய்தி அனுப்பினால் நோட்டிஃபிகேஷன் வழியாக ஒரு நொடியில் அவர் சட்டைப்பை அதிரும். 'ஆஃப்லைன்' என்று தெரிபவர் உடனே பதில் சொல்வது இதனால்தான். பச்சையாகத் தெரிபவர் மணிக்கணக்கில் பேசாமல் இருப்பதற்கு, எங்கோ திறந்தே கிடக்கும் அவருடைய இன்னொரு கருவி காரணமாக இருக்கலாம். அவர் வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று மனத்தாங்கல் கொள்வதற்குள் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

## ஒரு புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு போக்குவரத்து

புள்ளி சின்னது. அதைக் காட்ட ஆகும் செலவு சின்னதல்ல.

ஒரு குழுவில் எல்லோரும் எல்லோருடைய நிலையையும் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் நிலையும் மணிக்கு ஆறு முறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் மற்ற எல்லோருக்கும் போக வேண்டும்.

1. பத்துப் பேர்: 10 × 9 × 6 = மணிக்கு 540 செய்திகள். ஒன்றுமேயில்லை.
2. ஆயிரம் பேர்: 1,000 × 999 × 6 = மணிக்கு 59,94,000. நொடிக்கு 1,665.
3. பத்தாயிரம் பேர்: மணிக்குக் கிட்டத்தட்ட 60 கோடி. நொடிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

ஆட்கள் பத்து மடங்கானால் போக்குவரத்து நூறு மடங்காகிறது. இதில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டியதில்லை. 2008-ல் ஃபேஸ்புக் சாட் வந்தபோது அதன் பொறியாளர்கள் இதைத்தான் எழுதினார்கள்: அரட்டை அமைப்பில் மிகுந்த வளத்தைத் தின்பது செய்தி அனுப்புவதல்ல, யார் இருக்கிறார், யார் சும்மா இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை ஒவ்வொருவருக்கும் அவர் நண்பர்களைப் பற்றித் தெரிவித்துக்கொண்டே இருப்பதுதான்.

அதனால் எல்லா மென்பொருளும் சிக்கனம் பிடிக்கின்றன. திரையில் இப்போது கண்ணுக்குத் தெரியும் பெயர்களின் நிலையை மட்டும் கேட்டு வாங்கும். சில நொடி மாற்றங்களைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பும். பெரிய குழுக்களில் காட்டுவதையே நிறுத்திவிடும். விளைவு என்னவென்றால், நீங்கள் பார்க்கும் புள்ளி 'இப்போது' அல்ல. சற்று முன்பு இருந்த நிலை.

## ஒரே வரியில் இரண்டு கைகள்

இதுவரை ஆளைப் பற்றிய ஊகத்தைப் பார்த்தோம். வேலை நிலவரம் இதற்கு நேர்மாறு. அங்கே மென்பொருளுக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் வேலை அதன் உள்ளேயே நடக்கிறது.

ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்துவது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஏன் என்று ஒரு உதாரணம். ஆவணத்தில் இருக்கும் வரி:

கூட்டம் நான்கு மணிக்கு

முதலாமவர் முன்னால் 'நாளை' என்று சேர்க்கிறார். அதே கணத்தில் இரண்டாமவர் இரண்டாவது சொல்லான 'நான்கு' என்பதை 'ஐந்து' என்று மாற்றுகிறார். இருவரின் கட்டளைகளும் வலைவழியே எதிரெதிரே கடக்கின்றன. இரண்டாமவர் திரையில் 'நாளை கூட்டம் ஐந்து மணிக்கு' என்று சரியாக வந்துவிடும். முதலாமவர் திரையில் 'இரண்டாவது சொல்லை மாற்று' என்ற கட்டளை வந்து சேரும்போது அங்கே இரண்டாவது சொல் 'கூட்டம்'. ஆகவே அவருக்குக் கிடைப்பது 'நாளை ஐந்து நான்கு மணிக்கு'. இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்ப்பதாக நம்பிக்கொண்டு வெவ்வேறு வரிகளைப் படிப்பார்கள்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு.

1. பூட்டு. ஒருவர் திறந்தால் மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும். பாதுகாப்பானது, ஆனால் இதற்குச் சேர்ந்து வேலை செய்வது என்று பேர் வைக்க முடியாது.

2. கட்டளையைத் திருத்திச் செலுத்துவது. 1989-ல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் முன்வைத்த ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன். 'இரண்டாவது சொல்' என்ற கட்டளை வரும்போது, இதற்கிடையில் முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டது என்று பார்த்து அதை 'மூன்றாவது சொல்' என்று மாற்றிச் செலுத்துவார்கள். கூகுள் டாக்ஸ் இந்த வழியில் போகிறது.

3. ஒவ்வொன்றுக்கும் நிலையான அடையாளம். சிஆர்டிடி என்ற பெயரில் 2011-ல் மார்க் ஷபீரோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் முறைப்படுத்தியது. ஒவ்வொரு துண்டுக்கும் மாறாத ஒரு அடையாளம் இருக்கும். 'இரண்டாவது சொல்லை மாற்று' என்பதற்குப் பதில் 'இந்த அடையாளம் கொண்ட சொல்லை மாற்று' என்று கட்டளை போகும். வரிசை எப்படி நகர்ந்தாலும் தவறாது. இணைப்பு இல்லாமல் நெடுநேரம் வேலை செய்துவிட்டுப் பிறகு சேர்ப்பதற்கும் ஏற்றது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கண்ணி. 'நா' என்பது நமக்கு ஒரு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு முறையில் அது 'ந' என்ற குறியும் துணைக்கால் குறியுமாக இரண்டு. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். ஒரு பக்கத்து மென்பொருள் எழுத்தாகவும் மறுபக்கம் குறியாகவும் எண்ணினால், மற்றவரின் கர்சர் இரண்டு மூன்று எழுத்து தள்ளி நிற்கும். மோசமான நிலையில் துணைக்கால் மட்டும் தனியே அறுந்து விழும். தமிழில் சோதித்துப் பார்க்காத, சேர்ந்து எழுதும் மென்பொருள்களில் இந்தப் பிழைக்கு இடமிருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். மேலே சொன்னவற்றில் பூட்டு போக மற்ற இரண்டு நுட்பங்களும் உறுதிப்படுத்துவது ஒன்றே ஒன்றை: கடைசியில் எல்லோர் திரையிலும் ஒரே வரி இருக்கும். அந்த வரி பொருளோடு இருக்குமா என்பதற்கு அவை பொறுப்பல்ல. ஒருவர் 'ஐந்து' என்றும் இன்னொருவர் 'ஆறு' என்றும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் மாற்றினால், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தவறான வரிகூடக் கிடைக்கலாம்.

அதைத் தடுப்பது எது? பெயர் ஒட்டிய வண்ணக் கர்சர். அந்தச் சொல்லின்மேல் இன்னொருவர் நிற்பது கண்ணில் பட்டதும் நாம் தானாகக் கையை எடுத்துவிடுகிறோம். பூட்டு போட்டுத் தடுத்த வேலையை இப்போது மனிதர்களின் பார்வையும் நாகரிகமும் செய்கின்றன. கர்சரை ஏதோ அலங்காரம் என்று நினைப்பது தவறு. பூட்டில்லாமல் சேர்ந்து எழுதும் முறையே அதன்மேல்தான் நிற்கிறது.

தொழில்நுட்பத்திலும் இது தெரிகிறது. ஆவணத்தின் உள்ளடக்கம் நிலையாகச் சேமிக்கப்படும். கர்சர் இடம், தேர்வு செய்த பகுதி, 'டைப் செய்கிறார்' என்ற அறிவிப்பு ஆகியவை அப்போதைக்கு மட்டும் வாழும். ஒய்ஜேஎஸ் என்ற திறந்தமூல நூலகத்தில் ஒருவரிடமிருந்து முப்பது நொடி புதுப்பிப்பு வராவிட்டால் அவருடைய கர்சர் நீக்கப்பட்டுவிடும். பயன்பட்டது, முடிந்தது, மறைந்தது.

## பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார்

எக்ஸ்எம்பிபியில் ஒருவர் இருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால்தான் தெரியும். பின்னால் திரும்பப் பெறவும் முடியும். வாட்ஸ்ஆப்பில் கடைசியாக வந்த நேரத்தை நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதை உங்களாலும் பார்க்க முடியாது. 2022-ல் ஆன்லைனில் இருப்பதையே மறைக்கும் வசதியும் சேர்ந்தது. போர்ட்ஹோல்ஸிலும் அப்படித்தான்: கேமரா இருந்த இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தது. அனுமதி, சமநிலை என்ற இந்த இரண்டும்தான் இருப்பு நிலையைத் தாங்கக்கூடியதாக வைத்திருக்கின்றன.

அலுவலக மென்பொருளில் இரண்டும் தளர்ந்துபோகின்றன. சேர்ந்த அன்றே எல்லோரும் எல்லோருக்கும் தெரிகிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. புள்ளி இருபுறமும் தெரிகிறது என்றாலும், மேலாளரின் மஞ்சளைப் பற்றி ஊழியர் எதுவும் கேட்க முடியாது. ஊழியரின் மஞ்சளைப் பற்றி மேலாளர் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்கு ஏதோ பார்க்க லேப்டாப்பைத் திறந்தவர் பச்சையாகிறார், உடனே ஒரு வேலை வந்து விழுகிறது. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் நடப்பில் உள்ள, வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை இந்த இடத்தில்தான் வந்து தொடுகிறது.

## புள்ளியை வருகைப் பதிவேடாக்கினால்

இப்போது முதலில் சொன்ன செய்திக்குத் திரும்பலாம். காரண காரியமாக அடுக்கினால் இப்படி வரும்.

1. புள்ளி காட்டுவது கருவியின் அசைவை.
2. அதை ஒரு நிறுவனம் உழைப்பின் அளவாக எடுத்துக்கொள்கிறது.
3. புள்ளி பச்சையாக இருப்பதே ஊழியரின் கவலையாகிறது. யோசிக்க எழுந்து நடப்பவர் நடப்பதை நிறுத்துகிறார். சிலர் மவுஸைத் தானாக அசைக்கும் ஜிக்லர் கருவியை வாங்குகிறார்கள். அந்தக் கருவி விற்பதற்குக் காரணமே ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் மாறும் அந்த நிறம்தான்.
4. பச்சை இப்போது யார் இருக்கிறார் என்பதையும் சொல்வதில்லை. முன்பு அரைகுறையாகவாவது உதவிய அந்தத் தகவலும் செத்துப்போகிறது.
5. நிறுவனம் ஜிக்லரைக் கண்டுபிடிக்க இன்னும் ஆழமான கண்காணிப்பைக் கொண்டுவருகிறது.

நான்காவதுதான் அதிகம் பேசப்படாத இழப்பு. சக ஊழியர் ஒருவருக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. யாரிடம் கேட்கலாம் என்று பட்டியலைப் பார்க்கிறார். எல்லோரும் பச்சை. எல்லோரும் பச்சை என்றால் பட்டியலே இல்லாததற்குச் சமம். மேலாளருக்காகப் போட்ட வேஷம் கூட வேலை செய்பவரைத்தான் முதலில் ஏமாற்றுகிறது. உதவிக்காகக் கட்டிய ஒரு கருவி இப்படி வீணாவது வருத்தமான விஷயம்.

## ஒரு குழு உடனே செய்யக்கூடியவை

1. நிறத்தைவிடச் சொல்லை நம்புங்கள். 'வரைவைப் படித்துக்கொண்டிருக்கிறேன், மூன்று மணிக்குப் பதில் சொல்வேன்' என்ற ஒரு ஸ்டேட்டஸ் வரி நூறு பச்சைப் புள்ளிகளுக்கு மேல். ஃபிங்கர் காலத்துப் பிளான் கோப்பு செய்த வேலை அது.

2. 'இருக்கீங்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கேள்வியை முழுதாக எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் இருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் வந்ததும் வரும். இருப்பு நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே பாதிக்கு மேல் இதில் போய்விடும்.

3. உண்மையான அவசரத்துக்கு ஒரு தனி வழி வையுங்கள். பெரும்பாலும் ஃபோன் அழைப்பு. எது அவசரம் என்பதையும் குழுவே பேசி எழுதி வைக்க வேண்டும். அந்த வழி இருந்தால் மற்ற எல்லா செய்திகளும் நிதானமாகப் பதில் பெறலாம்.

4. சேர்ந்து எழுதும் ஆவணத்தில் கர்சர்களை மறைத்து வைக்காதீர்கள். கவனம் சிதறுகிறது என்றால் தனி வரைவில் எழுதிவிட்டு ஒட்டுவது மேல்.

5. புதிய மென்பொருளை வாங்கும் முன் நிர்வாகம் விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இருப்பு நிலையின் வரலாறு சேமிக்கப்படுகிறதா, அல்லது கர்சரைப்போல அப்போதே மறைகிறதா? சேமித்தால் எத்தனை நாள், யார் கையில்? ஊழியர் தானே அதை அணைத்து வைக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் வரும் பதிலை வேலை தொடங்கும் முன்பே ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.